தினமும் ஒரு மாரத்தான்: வேனில் இருப்பவர்களுக்கான பழுது பார்க்கும் குறிப்பு

42.195 கிலோமீட்டரை ஒரு நாள் ஓடி முடித்துவிட்டு ஒரு வாரம் படுத்துக்கொள்வது வேறு, மறுநாள் காலையில் அதே ஷூவை மாட்டிக்கொண்டு மறுபடியும் அதே தூரத்துக்குக் கிளம்புவது வேறு. ஐந்து நாள், பத்து நாள் என்று போகிற இந்த மாதிரித் தொடர் ஓட்டங்களுக்கு வேனில் கூடவே போய்த் தண்ணீர் நீட்டுகிற வேலையைச் சில தடவை செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான் வருகின்றன, குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் பதறிப்போய் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார், நானும் அதே பதிலைச் சொல்கிறேன். அதனால் எழுதி வைத்துவிட்டேன். அறிகுறியைத் தேடிப்பிடித்து, அதன் கீழே இருப்பதை வரிசையாகச் செய்துகொண்டே போங்கள்.

அதற்கு முன் ஒன்று. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஓட்டக்காரர் சொல்கிற பதிலை நம்பாதீர்கள். "ஒண்ணுமில்லை, போகலாம்" என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் தெரியாது. கிளம்புவதற்கு முந்தின நாள், தலை தெளிவாக இருக்கும்போதே, "யார் நிறுத்து என்றால் நிற்பீர்கள்?" என்று கேட்டு ஒரே ஒரு பெயரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது அவருடைய மனைவியாகவோ கணவராகவோ இல்லாமல் இருந்தால் வீட்டுக்கு நல்லது.

ஒரு நோட்டும் வேண்டும். காலையில் எடை, படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடித்துடிப்பு, எத்தனை மணி நேரம் தூங்கினார், ஓடி முடித்ததும் மறுபடி எடை, சிறுநீரின் நிறம். கீழே வருகிற சோதனைகளில் பாதி இந்த நோட்டைப் பார்ப்பதுதான்.

## வேகம் குறைந்துவிட்டது, ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறார்

பத்தில் எட்டுத் தடவை இது பசி. சமதரையில் ஓடுவதற்குக் கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ உள்ளவருக்கு ஒரு மாரத்தானுக்கே 2,900 கலோரிக்கு மேல். அதற்கு மேல் சும்மா உயிரோடு இருப்பதற்கான செலவு தனி. மூன்றாம் நாளுக்குள் இந்தக் கணக்கில் பள்ளம் விழுந்துவிடும்.

வாக்குவாதம் செய்யாமல் கையில் சாப்பாட்டைக் கொடுத்து, சாப்பிட்டுக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள், எதுவும் வேண்டாம் என்பார். "இதுவா அதுவா?" என்று கேளுங்கள். 15, 20 நிமிடத்தில் ஆள் மாறிவிட்டால், மன்னிப்புக் கேட்டால், பசிதான்.

*மாறவில்லை என்றால்* நோட்டைப் பாருங்கள். தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்திருக்கிறதா? நிழலில் 15 நிமிடம் கண்ணை மூடிப் படுக்கட்டும், அலாரம் உங்கள் கையில் இருக்கட்டும். வெயில் ஏறியிருக்கிறதா? தொப்பியையும் கழுத்தையும் நனையுங்கள், அடுத்த ஒரு மணி நேரம் ஓட்டத்துக்கு நடுவே நடை.

*காலை நாடித்துடிப்பு* வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருக்கிறது, இரண்டு நாளாக அப்படியே இருக்கிறது என்றால் உடம்பு எதையோ எதிர்த்துப் போராடுகிறது. காய்ச்சல் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, இதில் பேரம் வேண்டாம். காய்ச்சலோடு நீண்ட தூரம் ஓடுவது இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய விஷயம், மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி.

## பாதத்தில் எரிச்சல், காலை மாற்றி வைக்கிறார்

கொப்புளம் வந்த பிறகு செய்கிற வேலை ஒரு மணி நேரம், வருவதற்கு முன் செய்தால் இரண்டு நிமிடம். "லேசாகச் சூடாக இருக்கிறது" என்று அவர் சொன்ன அந்த நொடியில் வேனை நிறுத்துங்கள். அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட கொப்புளங்களை மட்டும் எண்ணினாலே ஒரு பை நிறையும்.

ஷூவைக் கழற்றி உதறுங்கள், மணல் இருக்கும். சாக்ஸ் மடிந்திருக்கிறதா, ஈரமா என்று பாருங்கள். பருத்தி சாக்ஸ் என்றால் தூக்கிப் போடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலைத் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு டேப் ஒட்டுங்கள். டேப்பின் நான்கு மூலையையும் வட்டமாக வெட்டிவிட்டு ஒட்டினால் சீக்கிரம் உரியாது. ஈரக்காலில் ஒட்டிய டேப் இரண்டு கிலோமீட்டரில் சுருண்டு, அதுவே இன்னொரு கொப்புளத்தை உண்டாக்கும்.

எந்த இடத்தில் வந்திருக்கிறது என்பதிலேயே காரணம் தெரியும். விரல் நுனியில் என்றால் ஷூ சிறியது அல்லது இறக்கத்தில் கால் முன்னால் சறுக்குகிறது. குதிகாலில் என்றால் லேஸ் தளர்ந்து குதிகால் ஏறி இறங்குகிறது. தொடர் ஓட்டத்தில் பாதம் நாளுக்கு நாள் வீங்கும், அதனால் அரை அளவு பெரிய ஷூ ஒரு ஜோடி வேனில் இல்லாமல் கிளம்பாதீர்கள். கையில் அது இல்லாமல் ஒரு தடவை நான்காம் நாள் மாலை ஷூவின் முன்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவிட்டோம். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் ஓடினார்.

*கொப்புளம் வந்தே விட்டது.* சிறியது, வலிக்கவில்லை என்றால் தொடாதீர்கள், மேலே டேப் மட்டும். பெரியது, இறுகி நிற்கிறது, காலை ஊன்ற விடவில்லை என்றால் கையைக் கழுவி, இடத்தைக் கிருமிநாசினியால் துடைத்து, பிரிக்காத புது ஊசியால் ஓரத்தில் இரண்டு மூன்று துளை போட்டு, மெதுவாக அழுத்தி நீரை எடுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் கட்டு. உள்ளே ரத்தமாக இருந்தால் குத்த வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் எந்தக் கொப்புளத்தையும் நீங்கள் குத்தக் கூடாது.

*மருத்துவரிடம்:* சீழ், சுற்றிலும் பரவுகிற சிவப்பு, மேல்நோக்கி ஓடுகிற சிவப்புக் கோடு, காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே.

அக்குள், தொடை உரசல், முலைக்காம்பில் ரத்தம், இதற்கெல்லாம் வாசலின், கிளம்புவதற்கு முன்பும் பாதி வழியிலும். கால் நகம் கருத்துப்போனால் நகத்தை வெட்டிக் குட்டையாக வையுங்கள், வலி துடிக்காத வரை விட்டுவிடுங்கள்.

## முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலி

தொடர் ஓட்டங்களை முடித்து வைப்பது பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். வழக்கமாக மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் தலைகாட்டும்.

லேஸ். வலி கணுக்கால் மடிப்புக்கு அருகில் என்றால் முதலில் லேஸைத் தளர்த்துங்கள், மேல் துளையை விட்டுவிட்டுக் கட்டுங்கள். வீங்கிய காலில் காலையில் கட்டிய லேஸ் மத்தியானத்துக்குள் கயிறாக அறுக்கும். பாதிக் கதை இதோடு முடிந்துவிடும்.

சாலையின் சரிவு. மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும் என்பதால் அவர் எப்போதும் ஒரே ஓரத்தில்தான் ஓடுகிறார், ஒரே கால்தான் எப்போதும் பள்ளத்தில் விழுகிறது. நாற்பது கிலோமீட்டருக்கு அப்படி. வலிக்கிற கால் அந்தக் கால்தானா என்று பாருங்கள். அதற்காகச் சாலையின் மறுபக்கம் மாற்றாதீர்கள், முதுகுக்குப் பின்னால் வருகிற லாரியை அவர் பார்க்க மாட்டார். நடைபாதையோ சமமான ஓரமோ எங்கே இருக்கிறது என்று வேனில் முன்னால் போய்ப் பார்த்து வந்து சொல்வது உங்கள் வேலை.

ஷூ. இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுகிறாரா, ஒன்றே தேய்கிறதா? அடிப்பாகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதா? மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் தெரியும்.

தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கிற நார். உங்கள் உள்ளங்கையை வலிக்கிற இடத்தில் மெதுவாக வைத்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். எண்ணெய் போடாத கீல் மாதிரி ஒரு நறநறப்பு கையில் தெரிந்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கிறது. துணி சுற்றிய ஐஸ் 10, 15 நிமிடம், ஒரு நாளில் நாலைந்து தடவை. குட்டைக் காலடி, ஐந்து நிமிட ஓட்டம் ஒரு நிமிட நடை. இறக்கங்களில் நடை மட்டும். இப்படி ஓட்டி முடித்தவர்கள் உண்டு, ஆனால் வலி தினமும் கூடிக்கொண்டே போனால் நிறுத்த வேண்டியதுதான்.

எலும்பு. ஒரு விரல் நுனியால் எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி நீளமாகப் பரவியிருந்தால் ஓரளவு நிம்மதி. ஒரே ஒரு புள்ளியில் துள்ளினால், அந்தக் காலில் ஒரு தடவை குதிக்க முடியவில்லை என்றால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எக்ஸ்ரே சுத்தமாக வந்துவிட்டது என்று மறுநாள் ஓடவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ.யில்தான் தெளிவாகத் தெரியும்.

*தொடை இடுக்கில் வலி* என்றால் குதித்தெல்லாம் பார்க்க வேண்டாம். தொடை எலும்பின் கழுத்தில் விரிசலாக இருந்தால் அடுத்த காலடியில் முழுதாக முறியலாம். வேனில் ஏற்றி, எலும்பு மருத்துவரிடம் நேராக.

*ஒரு கெண்டைக்கால் மட்டும்* வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறதா? அது தசைப்பிடிப்பு மாதிரித்தான் இருக்கும். ஓடி முடித்து வேனில் மணிக்கணக்காக உட்கார்ந்தே போகிறவருக்கு ரத்தக்குழாயில் உறைகட்டி வரலாம், தேய்த்துவிடாதீர்கள், மருத்துவமனை.

## குமட்டல், வாந்தி, எதையும் உள்ளே வைக்க முடியவில்லை

வேகத்தைக் குறைத்துப் பத்து நிமிடம் நடக்க வையுங்கள். ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது, வயிற்றுக்குப் பங்கு குறைவு. நடந்தாலே பாதிப் பேருக்குச் சரியாகும்.

அப்புறம் கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன உள்ளே போனது என்று எண்ணுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து பெரும்பாலோருக்குத் தாங்கும். 90 கிராம் வரை போவதற்குக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த உணவும் பழக்கப்பட்ட வயிறும் வேண்டும். தண்ணீர் குடிக்காமல் ஜெல் (பாக்கெட்டில் வருகிற இனிப்புச் சத்துக் கூழ்) விழுங்கினாரா? இனிப்புப் பானத்தின் மேலேயே ஜெல்லா? அப்படியென்றால் கொஞ்ச நேரத்துக்கு வெறும் தண்ணீர், வாயில் ஏதாவது உப்பாக. இரண்டாம் வாரத்தில் இனிப்பைக் கண்டாலே குமட்டுவது சாதாரணம், வேனில் உப்புச் சாப்பாடு சரிபாதி இருக்க வேண்டும்.

வலி மாத்திரை போட்டாரா என்று கேளுங்கள், பையையும் பாருங்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வயிற்றை அரிப்பதோடு, நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தையும் அடிக்கும். ஓடும் நாட்களில் அவை வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டுத் தெளிந்தால் கால் மணி நேரம் கழித்து ஒவ்வொரு மிடறாகத் தொடங்குங்கள். இரண்டு மணி நேரமாக ஒரு மிடறுகூடத் தங்கவில்லை, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வருகிறது என்றால் மருத்துவமனை.

## விரல் வீங்கி மோதிரம் இறுகுகிறது, தலைவலி, எடை கூடியிருக்கிறது

இந்த ஒரு இடத்தில் நல்ல மனசோடு நீங்கள் செய்கிற உதவியே ஆபத்து. பார்க்க நீர் குறைந்தவர் மாதிரியே இருப்பார், நீங்கள் தண்ணீரை நீட்டுவீர்கள். பிரச்சினை நேர்மாறானது. குடித்தது அதிகம், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போயிருக்கலாம்.

தராசில் ஏற்றுங்கள். ஓடுகிறவர் எடை கொஞ்சம் இழப்பதுதான் இயல்பு, இரண்டு சதவீதம் வரை கவலை இல்லை. காலையைவிட எடை *கூடியிருந்தால்* எல்லாப் பானத்தையும் நிறுத்துங்கள். தெளிவாகப் பேசுகிறார் என்றால் உப்பான உணவு கொடுத்து, சிறுநீர் நன்றாகப் போகும்வரை உட்கார வையுங்கள். குழப்பமாகப் பேசுகிறார், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு என்றால் ஆம்புலன்ஸ். அங்கே போனதும் "எத்தனை லிட்டர் குடித்தார், எடை எவ்வளவு கூடியது" என்பதை நீங்களே சொல்லி, டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிமேல் வராமல் இருக்கத் தாகம் எடுத்தால் குடி என்ற விதி போதும். "குடி, குடி" என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் விரட்டாதீர்கள்.

## தள்ளாடுகிறார், அல்லது விழுந்துவிட்டார்

ஒரே கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதா, நின்ற பிறகா?

நின்ற பிறகு. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். பேச்சு தெளிவாக இருந்து, கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டால் சரி. நாளை முதல் முடித்ததும் பத்து நிமிடம் நடக்கட்டும்.

ஓடும்போதே. இதை எப்போதும் பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்ன கிழமை, எத்தனையாவது மாரத்தான் என்று கேளுங்கள். பதில் குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், உடம்பு கொதித்தால் வெப்பத்தாக்கம். தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், ஓட்டக்காரருக்கு வியர்த்துக்கொண்டேயும் வரும். நெற்றியில் காட்டுகிற வெப்பமானி இந்த நேரத்தில் பொய் சொல்லும், உள்ளே 40 டிகிரிக்கு மேல் இருக்கும்போது அது 38 காட்டலாம். ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட, மற்றவர்கள் அங்கேயே, அப்போதே குளிர்விக்கத் தொடங்குங்கள். தொட்டி இருந்தால் கழுத்து வரை குளிர்ந்த நீரில், தலையைப் பிடித்துக்கொண்டு. இல்லையென்றால் வேனில் இருக்கிற எல்லாத் தண்ணீரும் ஐஸும் அவர் மேல், ஈரத் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் கொண்டுபோவது. முதல் அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மழையிலும் குளிரிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, முணுமுணுக்கத் தொடங்கினால் அது தேறிவிட்டதற்கான அடையாளம் இல்லை. ஈரத்துணியைக் கழற்றி, போர்த்தி, வேனுக்குள் ஏற்றி, உதவி கூப்பிடுங்கள்.

## நெஞ்சு வலி, விடாத இருமல், மூச்சிரைப்பு

இதற்கு வேனில் செய்ய எதுவும் இல்லை, அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காகத் தினமும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் ஓடிய டெர்ரி ஃபாக்ஸ், 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு செப்டம்பர் 1-ஆம் தேதி இருமலாலும் நெஞ்சு வலியாலும்தான் நின்றார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அவரே மருத்துவமனைக்குப் போகலாம் என்றார். உங்கள் ஆள் அப்படிச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

## சிறுநீர் கோலா நிறத்தில்

அடர்மஞ்சள் என்றால் நீர் போதவில்லை, குடித்தால் சில மணி நேரத்தில் வெளுக்கும். பளிச்சென்ற மஞ்சள் என்றால் வைட்டமின் மாத்திரை. பழுப்பு, கோலா, தேநீர் நிறம், கூடவே தொடைத் தசைகள் கல்லாக இறுகித் தாங்க முடியாத வலி, மாடிப்படி ஏறவே முடியாத பலவீனம் என்றால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. அன்றைக்கே மருத்துவமனை, ரத்தத்தில் சி.கே. (தசை சிதைந்தால் கூடுகிற நொதி) அளவும் சிறுநீரகச் சோதனையும். வழியில் வலி மாத்திரை எதுவும் வேண்டாம்.

## காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை

முதல் பத்து நிமிடத்து நடையை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாள் காலை எல்லோரும் மரக்கட்டைதான். இரண்டு கிலோமீட்டர் மெதுவாக நடக்க விடுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் ஓடலாம். ஒரு பக்கம் மட்டும், நடக்க நடக்கக் கூடினால், மேலே கால்வலிப் பகுதிக்குப் போங்கள்.

## ஆளைக் காணோம்

டெர்ரி ஃபாக்ஸின் நண்பர் டக் ஆல்வர்ட் வேனை ஒரு மைல் முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருப்பார். இன்றைக்கும் அதைவிட நல்ல முறை இல்லை. பின்னாலேயே ஊர்ந்து போவது போக்குவரத்துக்கும் எரிச்சல், என்ஜினுக்கும் கேடு. மூன்று கிலோமீட்டர் இடைவெளி, கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்றால் 21 நிமிடத்தில் வர வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் போன் செய்யுங்கள். எடுக்கவில்லையா, ஒருவரைச் சாலையிலேயே நிற்க வைத்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் கூத்துதான். சந்திப்புகளில் நிறுத்தினால் சந்திப்பைத் தாண்டி நிறுத்தாதீர்கள், திரும்ப வேண்டிய மூலையிலேயே ஒரு ஆள், பிரதிபலிக்கும் மேலங்கியோடு.

## வேன் ஸ்டார்ட் ஆகவில்லை

எச்சரிக்கை விளக்கும் குளிர்பெட்டியும் ஐந்து போனும் நாள் முழுக்க என்ஜின் ஓடாமல் ஓடினால் பேட்டரி தீர்ந்துவிடும். ஜம்ப் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள், குளிர்பெட்டிக்குத் தனி பேட்டரி. சாவி வேனுக்குள், எல்லோரும் வெளியே, இதுவும் நடந்திருக்கிறது. மாற்றுச் சாவி ஓட்டுநரல்லாத ஒருவர் கழுத்தில் தொங்கட்டும்.

## ஓட்டுநருக்குக் கண் சொருகுகிறது

ஓட்டக்காரரை எல்லோரும் பார்க்கிறார்கள், இவரை யாரும் பார்ப்பதில்லை. ஆறாம் நாளில் குழுவில் அதிகம் தூங்காதவர் இவராகத்தான் இருப்பார். காபி கொடுத்துச் சமாளிக்காதீர்கள், இன்னொருவர் ஓட்டட்டும். இன்னொருவர் இல்லையென்றால் வேனைச் சாலையை விட்டு இறக்கி நிறுத்தி, அவர் 20 நிமிடம் தூங்கட்டும். ஓட்டக்காரர் அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார், முணுமுணுப்பார், மணி என்ன என்று மூன்று தடவை கேட்பார். கேட்கட்டும்.